பதினேழாம் நம்பர் – அத்தியாயம் 12: சாப்பிட உட்கார்ந்தது நாலு பேர்

போன வாரம் மருந்துக்கடைக்காரர் கொண்டுவந்து போட்ட சட்டையோடு விட்டோம். அந்தச் சட்டை இன்னும் அக்காவின் மேசை மேல்தான் குப்புறக் கிடக்கிறது. பச்சைத் துணி. முதுகில் வெள்ளை எழுத்தில் ‘சுண்டு’. அதற்குக் கீழே, இரண்டு கை அகலத்துக்கு 17.

“பேரை எடுத்துடும்மா. நம்பரையும் சேர்த்து,” என்றார் அவர் மறுபடியும்.

புதிதாகப் படிக்க வந்தவர்களுக்கு ஒரு வார்த்தை. ஸ்டேடியத்தின் கிழக்கு வாசலுக்கு எதிரே, கையை விரித்தால் இரண்டு பக்கச் சுவரும் தட்டுகிற கடை அக்காவுடையது. கிளப் சட்டைகளில் பெயரும் நம்பரும் சூடு வைத்து ஒட்டிக் கொடுப்பது தொழில். அதனால் ஊருக்கெல்லாம் அவள் ‘ஸ்டிக்கர் அக்கா’. சுண்டு அவளுடைய ஒரே தம்பி. அவளுக்குப் பன்னிரண்டு வருஷம் பின்னால் பிறந்தவன். பதினோரு வயதில் கிளப்பின் பயிற்சி மைதானத்தில் காலை வைத்தான். பத்தொன்பது வயதில் அதே கிளப்பின் முன்வரிசையில் ஆடுகிறான். விலை கொடுத்து வெளியூரிலிருந்து கூட்டிவந்த ஆட்களுக்கு நடுவில், இந்தத் தெருக்களில் பந்து உதைத்து வளர்ந்தவன் அவன் ஒருத்தன்தான். அவனுக்குக் கிளப் நீட்டியிருக்கும் புது ஒப்பந்தம்தான் பத்து நாளாக ஊர் வாயில் அரைபடுகிறது.

அக்கா சட்டையைத் தொடவில்லை. “எடுத்தாலும் தடம் நிக்குங்க. வெயில்ல போனா நல்லாவே தெரியும்.”

“தெரியட்டும். ஏமாந்தோம்னு ஒரு ஞாபகம் இருக்கும்ல.”

வாசல் படியில் நின்றிருந்த கணக்கு வாத்தியார் குறுக்கே வந்தார். பள்ளிக்கூடம் போகும் வழியில் இந்தக் கடையில் ஐந்து நிமிஷம் வம்பளக்காவிட்டால் அவருக்குப் பாடம் ஓடாது.

“பையன் என்ன கொலையா பண்ணிட்டான்? அஞ்சு வருஷம் கேட்டாங்க, ரெண்டு வருஷம் போதும்ங்கறான். அவன் காலு, அவன் பிழைப்பு. இன்னிக்கு முட்டி பிசகினா நாளைக்கு நீங்க உங்க கடையில உட்கார வச்சு சோறு போடுவீங்களா?”

“வாத்தியாரே, கணக்கு மட்டும் சொல்லிக் குடுங்க. எட்டு வருஷம் வளர்த்தது யாரு? காலுக்கு பூட்ஸ் வாங்கிக் குடுத்தது யாரு? இறக்கை முளைச்சதும் கூட்டுலயே எச்சம் போட்டுட்டுப் போறான்!”

“கூட்டை விட்டுப் பறக்காட்டி அது குருவி இல்லய்யா, கோழி.”

பின்னால் வரிசையில் நின்ற நர்ஸ் சிரித்துவிட்டாள். இரவு வேலை முடித்து, கசங்கிய சீருடையோடு அப்படியே வந்திருந்தாள். கையில் புதுச் சட்டை ஒன்று. “அக்கா, எனக்குப் பதினேழு ஒட்டுங்க. இவர் எடுக்கச் சொல்ற எழுத்தையே ஒட்டுனாலும் சரி. நல்ல எழுத்து எதுக்கு வீணாப் போகணும்?”

மருந்துக்கடைக்காரருக்கு முகம் சிவந்தது. “ஒட்டிக்கம்மா. ரெண்டு வருஷம் கழிச்சு நீயும் இதே மேசைக்குத்தான் வரப்போற. நேத்து வந்ததைப் படிச்சியா நீ? மொதல்ல அதைக் கேளு.”

சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, போனைக் கை நீளத்துக்குத் தள்ளிப் பிடித்துப் படித்தார். ‘கிழக்குப் பக்கத்து ரசிகன்’ என்ற பெயரில், முகம் தெரியாத யாரோ எழுதியது. புதன்கிழமை காலையில் கிளம்பி, ஒரே நாளில் ஊரை இரண்டு சுற்று சுற்றிவிட்டது.

“‘ரெண்டே வருஷத்துக்குத்தான் கையெழுத்தாம். முடிஞ்சதும் பையைத் தூக்கித் தோள்ல போட்டுக்கிட்டு வெளியூர் கிளப்புக்குப் பறந்துடுவாராம். அது போதாதுன்னு, படி ஏறாம உட்கார்ந்து பார்க்க அவங்க அம்மாவுக்குக் கீழேயே ஒரு சிம்மாசனம் வேணுமாம். வீரர்கள் வெளியே வர்ற வழிக்குப் பக்கத்துல! நாம வெயில்ல நின்னு தொண்டை கிழியக் கத்துவோம். ராஜமாதா நிழல்ல உட்கார்ந்து கை அசைப்பாங்க.’”

‘ராஜமாதா’ என்ற சொல்லுக்குத் தெருவில் நின்ற யாரோ பக்கென்று சிரித்தார்கள்.

அக்காவின் கை சூட்டு மெஷினின் கைப்பிடியில் அப்படியே நின்றது.

இரண்டு வருஷம் என்ற பேச்சு ஊருக்கே தெரியும். அது பத்திரிகையிலும் வந்ததுதான். ஆனால் அம்மாவுக்கு ஒரு நாற்காலி என்ற பேச்சு?

அது எங்கே பேசின பேச்சு என்று அவளுக்குத் தெரியும். போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், அவள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில்.

அம்மாவுக்கு முழங்கால் இரண்டும் தேய்ந்து ஆறு வருஷம் ஆகிறது. ஸ்டேடியத்தில் உட்காரும் இடத்துக்கு ஏற நாற்பத்திரண்டு படி. பெற்ற பிள்ளை ஆடுவதை அவள் டிவியில் பார்த்ததுதான், நேரில் ஒரு நாளும் பார்த்ததில்லை. அன்று சுண்டு தட்டில் விரலால் கோடு போட்டபடி, தலை நிமிராமல் சொன்னான்: “சம்பளம் அவங்க சொல்றதே போதும். ரெண்டு வருஷம்னு போட்டா சரி. அப்புறம் ஒண்ணே ஒண்ணு கேக்கலாம்னு இருக்கேன். அம்மாவுக்குக் கீழே ஒரு நாற்காலி. படி ஏறாம. குடுப்பாங்களா மாமா?”

அம்மா எழுந்து அடுக்களைக்குப் போய்விட்டாள். திரும்பி வந்தபோது கண் சிவந்திருந்தது. வெங்காயம் நறுக்கினேன் என்றாள். சாப்பாடு முடிந்த பிறகு எதற்கு வெங்காயம் என்று யாரும் கேட்கவில்லை.

மேசையில் உட்கார்ந்திருந்தது நாலே பேர்.

*

“இந்தச் சட்டை இங்கேயே இருக்கட்டும். சாயங்காலம் வாங்க,” என்று மருந்துக்கடைக்காரரை அனுப்பினாள். நர்ஸின் சட்டைக்குப் பதினேழு ஒட்டிக் கொடுத்தாள். ஒன்று நேராக விழுந்தது. ஏழு ஒரு நூல் சாய்ந்தது. ஒன்பது வருஷத்தில் அவள் கை சாய்ந்து ஒட்டிய முதல் நம்பர் அதுதான். நர்ஸ் கவனிக்கவில்லை, அல்லது கவனித்தும் சொல்லவில்லை.

ஆள் குறைந்ததும் தம்பிக்குப் போன் போட்டாள். பயிற்சி இடைவேளை. மூச்சு வாங்கியபடியே எடுத்தான்.

“சுண்டு, அந்த நாற்காலி விஷயம் மேனேஜர்கிட்ட கேட்டியாடா?”

“இல்லக்கா. நாளைக்குக் கையெழுத்துப் போட உட்காரும்போது நேர்ல கேக்கலாம்னு இருந்தேன்.”

“கூட ஆடுற பசங்ககிட்ட?”

“யார்கிட்டயும் இல்ல.” அந்தப் பக்கம் விசில் சத்தம் கேட்டது. “அக்கா, இதை நானே உன்கிட்ட கேக்கணும்னு இருந்தேன். காலையிலேருந்து ராத்திரி வரைக்கும் உன் கடையில ரசிகர் மன்றத்து ஆளுங்கதான். வாய் தவறி ஏதாவது…”

“டேய்!”

“சரி சரி. வீட்டுக்கு வந்து பேசுறேன். கூப்பிடுறாங்க.”

போன் கையில் கனத்தது. தூக்கி வளர்த்த பிள்ளை. அவனுக்குக்கூட முதல் சந்தேகம் அவள் மேல்தான்.

அப்புறம் அவள் ஒருத்தர் ஒருத்தராகக் கழித்துப் பார்த்தாள். சுண்டு சொல்லவில்லை. அவள் சொல்லவில்லை. அம்மா வாசல் தாண்டுவதே மாசத்துக்கு ஒரு தடவை, டாக்டரைப் பார்க்க. அவளுடைய போனில் வருகிற அழைப்பை எடுக்க மட்டும்தான் அவளுக்குத் தெரியும்.

மீதி ஒருவர்.

அந்த ஒருவரை நினைக்கவே அவளுக்குக் கூசியது. இவள் கழுத்தில் தாலி ஏறியபோது சுண்டுவுக்கு எட்டு வயது. ‘அப்பா இல்லாத பிள்ளை’ என்று ஊர் இரக்கப்பட்டது. இவர் அவனைத் தோளில் ஏற்றிக்கொண்டு நாற்பத்திரண்டு படியும் ஏறினார். ரசிகர் மன்றத்தின் செயலாளர் அவர். மைதானத்தில் முதல் மேளம் தட்டுவதும் அவர்தான். ஊரில் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவர் இல்லை, ‘செயலாளர்’தான். இந்த ஒரு வாரமாக வீட்டுக்கு வருவதே நேரங்கெட்ட நேரத்தில். கேட்டால், ‘சுண்டுவுக்காக மன்றத்துல சண்டை போட்டுட்டு வரேன்’ என்பார். சண்டை போட்ட மனுஷனுக்குத் தொண்டை கட்டியிருக்க வேண்டும். அவர் சீட்டியடித்துக்கொண்டு அல்லவா வந்தார்?

அக்கா மெஷினின் சுவிட்சை அணைத்தாள். கடையைப் பாதி ஷட்டர் இறக்கினாள். பிறகு என்ன நினைத்தாளோ, முழுவதும் இறக்கிப் பூட்டினாள்.

*

செயலாளருக்குப் பார்சல் ஆபீஸில் வேலை. நீளமான கூடம். ஒரு மூலையில் இரும்புத் தராசு, இன்னொரு மூலையில் சாக்கும் அட்டைப் பெட்டியும் மலையாகக் குவிந்திருக்கும். பெட்டிகளின் மேல் தடித்த மையால் ‘கண்ணாடி – கவனம்’ என்று எழுதுவது அவர் பொறுப்பு. எழுத்து முத்து முத்தாக இருக்கும்.

மனைவியைப் பார்த்ததும் முகம் மலர்ந்தார். “அட, கடையை விட்டுட்டு இந்நேரத்துல? சாப்பாட்டு டப்பாவைத்தான் காலையிலேயே எடுத்துட்டு வந்துட்டேனே?”

“டப்பா இல்லங்க. ஒரு விஷயம் கேக்கணும்.”

“கேளேன்.”

“கிழக்குப் பக்கத்து ரசிகன் யாரு?”

மையில் தோய்ந்த பிரஷ் பெட்டியின் மேல் நின்றது. ‘கவ’ வரைக்கும் எழுதியிருந்தார். ‘னம்’ பாக்கி.

“எனக்கென்ன தெரியும்? மன்றத்துல ஆயிரம் பேர்.”

“ஆயிரம் பேர் நம்ம வீட்டு மேசையில உட்கார்ந்து சாப்பிடலையே.”

அவர் சுற்றும்முற்றும் பார்த்தார். அவளைச் சாக்கு மூட்டைகளுக்குப் பின்னால் கூட்டிப்போனார். குரல் இறங்கியது.

“மெதுவாப் பேசு. இதுல நீ நெனக்கிற மாதிரி ஒண்ணும் இல்ல. கிளப் மேனேஜர் கூப்பிட்டு விட்டாரு. ‘செயலாளர், பையனைப் போக விட்டுடாதீங்க. ஊர்ப் பிள்ளை ஊருலயே இருக்கணும். நீங்க நெனச்சா முடியும்’னாரு. ஊரு நாலு வார்த்தை கேட்டா அவன் மனசு மாறும், அஞ்சு வருஷத்துக்குச் சம்மதிப்பான்னு… அவன் நல்லதுக்குத்தான். வெளியூர்ல போய் பெஞ்சுல உட்கார்ந்துட்டு வந்தா என்ன பண்ணுவான்? இங்க ராஜா மாதிரி இருக்கலாம்.”

“அதுக்கு எங்கம்மா முழங்காலா கெடைச்சுது உங்களுக்கு?”

அவர் கையிலிருந்த பிரஷ்ஷைச் சாக்கில் துடைத்தார்.

“ராஜமாதா,” என்றாள் அக்கா. அந்தச் சொல்லை வாயில் வைக்கவே நாக்கு கசந்தது. “தெருவுல நின்னு சிரிக்கிறாங்க. அவங்க கையால பதினோரு வருஷம் சாப்பிட்டீங்க. தட்டு வைக்குற முன்னாடி தண்ணி வைப்பாங்க உங்களுக்கு. ‘மாப்பிள்ளைக்கு விக்கும்’னு.”

“கொஞ்சம் காரம் சேர்த்தாத்தான் படிப்பாங்கன்னு… கைதவறி எழுதிட்டேன். ஒத்துக்கிறேன். தப்புதான்.” அவர் கண் கலங்கியது. பொய்க் கலக்கமில்லை. “அவன் போயிட்டா இந்த ஊர்ல நமக்கு என்ன இருக்கு, சொல்லு? தோள்ல தூக்கிட்டுப் போன பிள்ளை. அவன் பந்தைத் தொட்டா எனக்குத்தான் கை தானா மேளத்துக்குப் போகுது.”

பெண் மனசு. பதினோரு வருஷத்துப் பழக்கம். ஒரு கணம் அவள் இளகிவிட்டாள். முட்டாள்தனம் பண்ணிவிட்டார், ஆனால் ஆசையில் பண்ணியது. சுண்டுவிடம் உட்கார்ந்து பேசினால் தீராததா? ‘வாங்க வீட்டுக்கு, நீங்களே அவன்கிட்ட சொல்லுங்க’ என்று சொல்ல வாயெடுத்தாள்.

அப்போது தராசுக்காரர் ஒரு மூட்டையைத் தள்ளிக்கொண்டு அந்தப் பக்கம் வந்தார். அக்காவைப் பார்த்ததும் வாயெல்லாம் பல்.

“அடடே, வாங்கம்மா! நீங்களும் இதுக்குத்தான் வந்தீங்களா? இருந்தாலும் இப்படித் திடுதிப்புனு எங்களை விட்டுட்டுப் போறது நல்லா இல்ல. ராஜினாமாவைத் திங்கட்கிழமையே எழுதி நீட்டிட்டார். கிளப்புலயே உத்தியோகம்னா யாருக்குக் கிடைக்கும்? ரசிகர் தொடர்பு அதிகாரி! பேரைக் கேட்டாலே எழுந்து நிக்கணும் போல இருக்கு.”

மூட்டை உருண்டு போனது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நாற்காலிப் பேச்சு. திங்கட்கிழமை ராஜினாமா. புதன்கிழமை சிம்மாசனம்.

“திங்கட்கிழமையே,” என்றாள் அக்கா.

“நானே சொல்லணும்னுதான் இருந்தேன். நாளைக்கு எல்லாம் முடிஞ்சதும்…”

“அவன் அஞ்சு வருஷத்துக்குக் கையெழுத்துப் போட்டாத்தான் உங்களுக்கு அந்த நாற்காலி. இல்லையா?”

“இந்தப் பெட்டி மேல எழுதி எழுதியே என் காலம் போகணுமா?” அவர் குரல் முதல் தடவையாக உயர்ந்தது. “ஊருக்காக இருபது வருஷம் மேளம் அடிச்சேன். ஒரு வாசல்ல என்னை உள்ளே கூப்பிட்டிருக்காங்களா? உன் தம்பி போற வழியில அவன் போயிடுவான். நான்?”

அவளிடம் பதில் இருந்தது. ஆனால் பேசினால் அழுகை முந்திக்கொண்டு வரும். அவர் முன்னால் அழ அவளுக்கு மனமில்லை. திரும்பி நடந்தாள். வாசல் வரைக்கும் ‘நில்லு, சொல்றதைக் கேளு’ என்ற குரல் பின்னால் வந்தது. வாசலுக்கு வெளியே அது வரவில்லை.

*

கடைக்குப் போகவில்லை. கால் போன போக்கில் நடந்து, எந்தெந்தத் தெருவோ சுற்றி, வீட்டுக்கு வந்தபோது மணி ஐந்து.

சுண்டு முன்னறையில் தரையில் உட்கார்ந்து, அம்மாவின் முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தான். தலைமுடி இன்னும் ஈரம். அக்காவைப் பார்த்ததும் கையைத் துண்டில் துடைத்தான்.

“அக்கா, கோவிச்சுக்காதே. போன்ல அப்படிக் கேட்டிருக்கக் கூடாது. ஆனா எனக்கு மண்டை வெடிக்குது. மைதானத்துக்கு வெளியே நாலு பசங்க, ‘ராஜமாதா எப்படி இருக்காங்க?’ன்னு கேட்டானுங்க. அடிச்சிருப்பேன். கோச் பிடிச்சு இழுத்துட்டாரு.”

அம்மா ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கும் தெரிந்துபோயிருக்கிறது.

“நான் சொல்லலடா,” என்றாள் அக்கா.

“அப்ப யாரு? நானும் இல்ல, நீயும் இல்ல, அம்மாவும் இல்ல. மாமாவா?” சொல்லிவிட்டு அவனே சிரித்தான். “அவர் எனக்காக ஊரையே பகைச்சுக்கிட்டிருக்கார். இந்தக் கிளப்புல, இந்த ஊர்ல, எனக்கு நம்பிக்கைன்னு இருக்கிறது மாமா ஒருத்தர்தான். நாளைக்குக் கையெழுத்துக்கு அவரைத்தான் பக்கத்துல உட்காரச் சொல்லியிருக்கேன். அந்தக் காகிதத்துல இருக்கிறது எனக்கு எங்க புரியுது? மாமா போடுன்னா போடுவேன், வேண்டாம்னா எழுந்து வந்துடுவேன்.”

அக்கா ஒரு அடி முன்னால் வந்தாள். சொல்லிவிட வேண்டும், இப்போதே சொல்லிவிட வேண்டும் என்று அவள் மூச்சை இழுத்தபோது வாசலில் பைக் நின்ற சத்தம்.

செயலாளர் உள்ளே வந்தார். செருப்பைக் கழற்ற வழக்கத்தைவிட நேரம் எடுத்தது. நிமிர்ந்தவர் பார்வை நேராக அக்காவிடம் வந்தது: சொல்லிட்டியா?

இன்னும் இல்லை என்பது அவள் முகத்தில் தெரிந்திருக்க வேண்டும்.

“வாங்க மாமா,” என்று சுண்டு எழுந்தான். “நீங்களே சொல்லுங்க. நாற்காலி விஷயம் எப்படி வெளியே போச்சு?”

அக்கா கணவனையே பார்த்தாள். கடைசியாக ஒரு வாசலைத் திறந்து வைத்தாள். “ஆமாங்க. நீங்களே சொல்லுங்க.”

செயலாளர் சுண்டுவின் தோளில் கை வைத்தார். “விடுடா. நடந்தது நடந்து போச்சு. அக்கா வேணும்னு செஞ்சிருக்க மாட்டா.”

அக்கா திகைத்துப்போனாள். இவ்வளவு அழகாக, இவ்வளவு இரக்கமாக, ஒரு மனுஷனால் இன்னொருத்தர் தலையில் பழியை இறக்கி வைக்க முடியுமா? சுண்டு அவளைத் திரும்பிப் பார்த்தான். அந்தப் பார்வையில் கோபம்கூட இல்லை. ‘நீயாக்கா?’ என்று கேட்கிற வலி மட்டும்தான்.

“அவ இல்ல,” என்றாள் அம்மா.

மூவரும் திரும்பினார்கள்.

“நான்தான். பக்கத்து வீட்டுக்காரி வந்தா. பெருமை தாங்கல. என் பிள்ளை எனக்கு இடம் பிடிச்சுத் தரப்போறான்னு சொல்லிட்டேன். அவ வாய் சும்மா இருக்குமா?”

சுண்டுவின் முகத்தில் இறுக்கமெல்லாம் ஒரு நொடியில் வடிந்தது. “நீயாம்மா!” என்று அம்மாவின் மடியில் தலையை முட்டினான். “இதை மொதல்லயே சொல்றதுக்கென்ன? அக்காவை நான் என்னென்னவோ நெனச்சுட்டேன். சாரிக்கா.”

அம்மா அவன் தலையைத் தடவிவிட்டு, சுவரைப் பிடித்து எழுந்தாள். அக்காவின் மணிக்கட்டைப் பற்றினாள். “உள்ளே வா. டீ போடணும்.”

*

அடுக்களைக் கதவு சாத்தியதும் அக்கா கையை உதறினாள். “ஏம்மா பொய் சொன்னே? பக்கத்து வீட்டுல ஆளே இல்ல. பூட்டிட்டு ஊருக்குப் போய் ரெண்டு வாரம் ஆச்சு, அது அவனுக்குத்தான் தெரியாது!”

“கத்தாதே.”

“யார் செஞ்சதுன்னு உனக்குத் தெரியுமா?”

அம்மா அடுப்பைப் பற்ற வைத்தாள். பாத்திரத்தில் தண்ணீர் ஊற்றினாள். எல்லாம் நிதானமாக.

“புதன்கிழமை காலையில மாப்பிள்ளை பல் தேய்க்குற இடத்துல நின்னு போன்ல எழுதிக்கிட்டிருந்தார். அவர் எழுதும்போது வாய்விட்டுச் சொல்லிப் பார்ப்பார்ல? ‘நாற்காலியா… சிம்மாசனமா… சிம்மாசனம்தான் நல்லாருக்கு’ன்னு. நான் படுத்துக்கிட்டே கேட்டேன். ஏதோ மன்றத்துக்குப் பாட்டு எழுதுறார்னு நெனச்சேன். இன்னிக்கு மத்தியானம்தான் கீழ் வீட்டுப் பொண்ணு வந்து படிச்சுக் காட்டினா.”

அக்கா சுவரில் சாய்ந்தாள். “தெரிஞ்சுமா?”

“தெரிஞ்சுதான். அவன் ஆம்பளைப் பையன். அஞ்சு வருஷமோ ரெண்டு வருஷமோ, ஆடுவான், பிழைச்சுக்குவான். நீ? இன்னிக்கு இது உடைஞ்சா நாளைக்கு நீ எங்க போவே? என் வீட்டுக்கா? எனக்கு ஏது வீடு? நானே உன் வீட்டுலதான் இருக்கேன்.”

“என் வாழ்க்கைக்கு அவன் அஞ்சு வருஷத்தை எடுத்துக் குடுக்கிறியா? அவனைக் கேட்டியாம்மா? என்னைக் கேட்டியா?”

அம்மா அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். தண்ணீர் கொதிக்க ஆரம்பித்தது. அவள் முதுகு குலுங்கியது. கொதிக்கிற சத்தத்தில் அழுகை கேட்கவில்லை.

காலையிலிருந்து அடி வாங்கிய நெஞ்சு. ஊர் அடித்தது, கட்டியவர் அடித்தார். இப்போது பெற்றவளும், அதுவும் பாசத்தால். எந்த அடி அதிகம் வலிக்கிறது என்று அவளால் சொல்ல முடியவில்லை. ஆனால் ஒன்று தெளிவாகத் தெரிந்தது. நாளைக்குக் காலை வரைக்கும் இதை நெஞ்சில் வைத்துக்கொண்டு தூங்க முடியாது. தம்பியிடம் இப்போதே சொல்ல வேண்டும். அப்புறம் நடப்பது நடக்கட்டும்.

கதவைத் திறந்தாள்.

முன்னறை காலி. தைலத் துண்டு தரையில் கிடந்தது. வாசலில் செருப்பு இரண்டு ஜோடி குறைந்திருந்தது. பைக் இல்லை.

கீழ் வீட்டுப் பெண் மாடிப் படியில் துணி எடுத்துக்கொண்டிருந்தாள். “உங்க வீட்டுக்காரருக்கு போன் வந்துச்சுக்கா. மேனேஜர் நாளைக்கு வெளியூர் போறாராம், இன்னிக்கே முடிச்சுடலாம்னு கூப்பிட்டாராம். தம்பிதான் பைக்கை எடுத்துச்சு. ரெண்டு பேரும் சிரிச்சுக்கிட்டேதான் போனாங்க.”

அக்கா போனை எடுத்தாள். தம்பி பெயரை இரண்டு தடவை தவறவிட்டு, மூன்றாவது தடவை சரியாகத் தொட்டாள். நாலு தடவை மணி அடித்தது. எடுத்தார்கள். காற்று இரைந்தது.

“சுண்டு! டேய், வண்டியை நிறுத்து!”

“அவன் ஓட்டிக்கிட்டிருக்கான்,” என்றது செயலாளரின் குரல். தம்பியின் போன் அவர் கையில் இருந்தது. “என்ன விஷயம்?”

“என்னங்க, வேண்டாம். உங்க காலைப் பிடிச்சுக் கேக்குறேன். அவன்கிட்ட போனைக் குடுங்க. ஒரே ஒரு நிமிஷம்.”

முன்னாலிருந்து, காற்றில் பிய்ந்து பிய்ந்து, சுண்டுவின் குரல் சந்தோஷமாக வந்தது. “அக்காவா மாமா? என்மேல கோவம் தீர்ந்துச்சான்னு கேளுங்க!”

“தீர்ந்துடுச்சாம்டா,” என்றார் செயலாளர்.

போன் அணைந்தது. மறுபடி போட்டாள். அணைத்தே வைத்திருந்தார்கள்.

அம்மா அடுக்களை வாசலில், கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அக்கா செருப்பை மாட்டினாள்.

அந்த வீட்டில் யார் வாசல் தாண்டினாலும் ‘போயிட்டு வரேன்’ என்று சொல்லித்தான் தாண்டுவார்கள். கடைக்குப் போனாலும், தெருமுனைக்குப் போனாலும்.

“போறேன்மா,” என்றாள் அக்கா.